எந்தக் கணக்குக் காற்று

ஓப்பநாயக்கப் பக்கத்தில் 1974ஆம் ஆண்டு மாசி மாதம் காற்றின் விலை நாளொன்றுக்கு இரண்டு ரூபாய் எழுபத்தைந்து சதம். கூட்டிக் கேட்டால் கந்தோர், அதாவது கொழும்பு அலுவலகம், கொடுக்காது. குறைத்துக் கொடுத்தால் காற்று வேண்டுமானால் வரும், ஏழுமலை வரமாட்டார்.

தெல்கஸ்வத்தைத் தோட்டத்தில் முப்பதடி இரும்புக் கம்பம் ஒன்றை நட்டு, அதில் இரண்டு உயரங்களில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி ஒன்றும் சுற்றாதது ஒன்றுமாகச் சோடி மாட்டி, உச்சியில் காற்றின் ஓட்டத்தை எண்ணுகிற கிண்ணச் சுழலியையும் பூட்டியாயிற்று. காலை ஆறு முதல் மாலை ஆறு வரை மணிக்கொரு தடவை ஏறிப் பார்த்து எழுத ஓர் ஆள் வேண்டும். கொழும்பிலிருந்து வந்த ஞானாம்பிகை இப்படிச் சொன்னபோது மற்றவர்கள் கம்பத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். பேரம் பேச நின்றவர் ஏழுமலை ஒருவர்தான்.

"மழைக்கும் இதே காசுதானுங்களா மிஸ்?"

"மழைக்கும் இதுதான்."

"மழையில இரும்புக் கம்பத்துல ஏறினா இடி விழும். இடிக்குத் தனியா ஒண்ணு போட்டுக் குடுங்க."

"இடி விழுந்தால் காசை ஆர் வாங்குறது?"

"எங்க வீட்டு அழகம்மா வாங்கிக்கும். அது கணக்குல கெட்டி."

பேரம் ஒரு மழைக்கோட்டில் முடிந்தது. ஞானாம்பிகைக்கு ஆளைப் பிடித்துப்போயிற்று. கேகாலைக் கடைத்தெருவில் சுருட்டுக்கடை வைத்திருக்கும் சிவம் முதலாளியின் மூத்த மகள் அவள். பேரம் பேசாமல் சம்மதிக்கிற ஆளை அந்த வீட்டில் யாரும் நம்புவதில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்து முடித்து, இருபத்தாறு வயதில், காற்றோடு போகும் ஈரத்தை எண்ணுகிற உத்தியோகத்தில் இருந்தாள். வீட்டில் யாழ்ப்பாணத்துப் பேச்சு, கடையில் சிங்களம், கந்தோரில் ஆங்கிலம். மூன்றிலும் நிறை குறையாமல் பேசுவாள்.

கம்பம் வந்த காரணம் ஓர் ஓடை. தோட்டத்தின் நடுவால் இறங்கும் அது மாசி, பங்குனியில் மெலிந்து, அடிவாரத்துச் சிங்களக் கிராமத்தின் வயலுக்குப் போய்ச் சேரும்போது வெறும் சேறாக நிற்கும். கிராமத்தார் பெட்டிசத்துக்கு மேல் பெட்டிசமாக எழுதிப் போட்டார்கள். சந்தேகத்துக்கு ஆளானவை இரண்டு. ஒன்று, மேல்கணக்கின் முப்பது ஏக்கர் பழைய தேயிலை. தோட்டத்தில் கணக்கு என்றால் கூட்டல் கழித்தல் அல்ல, தோட்டத்தின் ஒரு பிரிவு. மலைப்பக்கம் இருப்பது மேல்கணக்கு, பள்ளத்தில் இருப்பது கீழ்க்கணக்கு. மற்றது, கீழ்க்கணக்கில் தொழிற்சாலை விறகுக்கென்று மூன்று வருடத்துக்கு முன் தோட்டத்தை நிர்வகிக்கிற துரை ஆசையோடு நட்ட பன்னிரண்டு ஏக்கர் டர்பன்டைன் மரம், யூகலிப்டஸ் இனம். இரண்டில் எது ஓடையை உறிஞ்சுகிறதோ அதைப் பிடுங்குவதாகத் துரை கிராமத்தாருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். தேயிலை போனால் மேல்கணக்கில் நாற்பத்தெட்டுப் பேரின் பெயரைச் சம்பளப் பதிவிலிருந்து வெட்டுவார்கள். பதினோராவது பெயர் ஏழுமலையின் மனைவி அழகம்மாவினுடையது.

கம்பத்தை இரண்டுக்கும் நடுவில், ஒரு மேட்டில் நட்டிருந்தார்கள். அங்கேதான் ஞானாம்பிகையின் வித்தை தொடங்கியது. காற்றை அளக்கிறவர்களுக்கு ஒரு வில்லங்கம் உண்டு. கம்பம் தன் காலடியில் நிற்கிற செடியை அளக்காது. காற்று எந்தப் பக்கத்தால் வருகிறதோ அந்தப் பக்கத்து ஈரத்தைத்தான் அளக்கும். சரி, அந்தப் பக்கத்தில் எவ்வளவு தூரத்து ஈரம்?

இந்தக் கேள்விக்கு விடையை அவள் பேராதனையில் கற்கவில்லை, அப்பாவின் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றாள். பெட்டியில் விழுகிற காசில் ஊர்ப் பெயர் எழுதியிருக்காது. ஆனாலும் எந்தத் தெருவால் எவ்வளவு வருகிறதென்று அப்பா சொல்லுவார். கடையை ஒட்டிய வீட்டுக்காரன் காசு கொண்டு வருவதில்லை, கதைதான் கொண்டு வருவான். அரை மைல் தள்ளியிருப்பவர்களால்தான் கடை ஓடும். அதற்கப்பால் தூரம் கூடக்கூட ஆள் குறையும். என்றாலும் மாவனல்லையிலிருந்து ஒருவர் மாதத்துக்கு ஒரு தடவை சைக்கிள் மிதித்து வந்துவிடுவார். கம்பத்துக்கு வரும் ஈரமும் இதே மாதிரித்தான். காலடியிலிருந்து ஒன்றுமில்லை, கொஞ்சம் தள்ளி உச்சம், பிறகு நீண்டு மெலிந்துகொண்டே போகிற வால்.

இதை அவள் சூத்திரமாக எழுதி, கைப்பிடி சுற்றுகிற கணக்குப் பொறியில் ஒரு மாதம் அரைத்து, கடைசியில் எண்ணெய்க் கடதாசியில் நாக்கு வடிவத்தில் வெட்டி எடுத்தாள். நாக்கு முழுதும் கட்டங்கள், கட்டத்துக்குக் கட்டம் எத்தனை வீதம் என்ற எண். வெயில் ஏறிக் காற்று கொதிக்கும் நேரத்துக்குக் குட்டை நாக்கு, காலைக் குளிருக்கு நீள நாக்கு என்று ஆறு நாக்குகள். தோட்டத்து வரைபடத்தில் கம்பம் நிற்கிற புள்ளியில் குண்டூசி குத்தி, காற்று வந்த திசைக்கு நாக்கைத் திருப்பினால், அந்த மணித்தியாலம் கம்பம் எந்த நிலத்தை ருசி பார்த்தது என்று தெரிந்துவிடும். கந்தோரில் இதைப் பார்த்துச் சிரித்தவர்கள், இரண்டாம் கிழமை தங்களுக்கும் ஒரு நாக்கு வெட்டித் தரச்சொல்லிக் கேட்டார்கள்.

திசைகாட்டும் கருவி மட்டும் வரவில்லை. கொழும்புத் துறைமுகத்தில் சுங்கத்துக்காரர் அதை விளையாட்டுச் சாமானா, ஆடம்பரச் சாமானா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் கம்பத்து உச்சியில் ஒரு சிவப்புத் துணி கட்டி, திசையை ஏழுமலையே பார்த்து எழுதுவதென்று ஏற்பாடு. ஏழுமலைக்கு ஆங்கிலம் வராது என்று ஞானாம்பிகை தானே தமிழில் படிவம் அச்சடித்தாள். காற்றுக்கு நான்கு கூடுகள்: மே, கீ, வ, தெ. வெப்பமானி பார்க்க அரை நாள் பழக்கினாள். திசைக்கு ஒரு வசனம்தான்: "காத்து எந்தப் பக்கத்தாலை வருகுதோ அந்தக் கூட்டிலை ஒரு சரி போடுங்கோ."

"அதுக்கென்னங்க மிஸ். அஞ்சு வயசுலேர்ந்து பாக்கிற காத்து."

மாசி இருபத்தெட்டு நாளும் முடிந்து படிவங்கள் கொழும்புக்கு வந்தன. நாக்குகளைத் திருப்பித் திருப்பிக் கூட்டியதில் விடை பளிச்சென்று விழுந்தது. தேயிலை மாதத்துக்கு ஆறரை அங்குலம் தண்ணீரைக் காற்றில் விட்டிருக்கிறது. டர்பன்டைன் மரம் மூன்று தசம் நான்குதான். ஊரெல்லாம் டர்பன்டைனைச் சந்தேகிக்க, எண்கள் தேயிலையைக் காட்டின. இளம் ஆய்வாளருக்கு இதைவிடத் தித்திப்பான விடை கிடையாது. எல்லோரும் நினைத்ததையே சொல்ல எதற்குச் சம்பளம்? அவள் அறிக்கையில் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.

பங்குனியில் ஒரு வியாழக்கிழமை, மிச்ச வேலையை முடிக்க மறுபடி தோட்டத்துக்கு வந்தாள். ஓடையின் அளவுப் புத்தகம் அதுவரை தோட்டத்திலேயே இருந்தது. காட்டுக்குள்ளிருந்து ஓடை தோட்டத்துக்குள் நுழைகிற இடத்தில் ஒரு பலகை, வயலுக்கு இறங்குகிற இடத்தில் ஒரு பலகை. இரண்டிலும் முக்கோணமாக வெட்டிய வாயில் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் போகிறதென்று ஏழுமலை தினமும் குறித்து வைத்திருந்தார். துரை தீர்ப்புச் சொல்ல வைத்த நாள் சனிக்கிழமை.

பஸ்ஸை விட்டிறங்கி மேல்கணக்குப் பாதையில் ஏறும்போதே பார்த்தாள். தேயிலைச் செடிகளின் தூரில் வரிசை வரிசையாக வெள்ளைச் சுண்ணாம்புப் புள்ளி. கொழுந்துக் கூடையோடு எதிரே வந்த அழகம்மா நின்றாள்.

"வாங்க மிஸ். ஒங்க ரிப்போட்டு வந்த மறுநாளே செடிக்கெல்லாம் பொட்டு வச்சிட்டாங்க. கல்யாணத்துக்கா, எழவுக்கா?"

"அளந்ததில வந்ததைத்தான் எழுதினன் அழகம்மா."

"அளந்தது எங்க வீட்டு ஆளுதானுங்களே. புருசன் எழுதிக் குடுத்து பொஞ்சாதி பேரை வெட்டின தோட்டம்னு நாளைக்கு நம்மளைத்தான் சொல்லுவாங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். நாப்பது வருசமா இந்தச் செடி இங்கதான் நிக்குது. ஓடை வத்த ஆரம்பிச்சது மூணு வருசமாத்தான். முப்பத்தேழு வருசம் இதுக்குத் தாகமே எடுக்கலையா?"

அவள் பதிலுக்குக் காத்திராமல் கொழுந்து நிறுக்கப் போய்விட்டாள். அந்தக் கேள்வி ஞானாம்பிகையோடு கந்தோர் வரை நடந்து வந்தது.

தோட்டக் கந்தோரில் பெரிய கிளாக்கர் விசுவலிங்கம் அவளுக்கு ஒரு மேசை ஒழித்துக் கொடுத்தார். காரைநகர்க்காரர், இந்தத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருடம். வெள்ளை வேட்டியிலும் இலக்கணத்திலும் கறை படிய விடாதவர்.

"இரும் பிள்ளை. தேத்தண்ணி வரும். உம்மடை அறிக்கையைத் துரை நாலு தரம் வாசிச்சவர். தன்ரை மரம் குற்றமில்லை எண்டு வந்ததிலை மனுசனுக்குப் பரம சந்தோசம்."

"சந்தோசத்துக்கு எழுதேல்லை அண்ணை. ஓடைக் கணக்கு முடிஞ்சால்தான் முழுக்கணக்கு."

கணக்கு எளிது. ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அங்குலம் தண்ணீர் நின்றால் அது ஓர் ஏக்கர்-அங்குலம். மழை தந்தது வரவு, செடி குடித்தது செலவு. செலவு மிஞ்சினால் மிஞ்சியதை ஓடையிடம்தான் வாங்கியிருக்க வேண்டும். அந்த மாசியில் மழை மூன்று தசம் இரண்டு அங்குலம். அறிக்கைப்படி தேயிலை ஓடையிடம் வாங்கியது தொண்ணூற்றொன்பது ஏக்கர்-அங்குலம். டர்பன்டைன் இரண்டு தசம் நான்கு. மொத்தம் நூற்றொன்று தசம் நான்கு.

ஓடைப் புத்தகத்தைக் கூட்டினாள். உள்ளே வந்ததற்கும் வெளியே போனதற்கும் வித்தியாசம் ஐம்பது.

மறுபடி கூட்டினாள். ஐம்பதுதான்.

ஐம்பது ரூபாய் தொலைத்தவனிடமிருந்து நூற்றொரு ரூபாய் திருடியதாக ஒருவரை அவள் மாட்டிவிட்டிருக்கிறாள். சூத்திரம் பிழையா? நாக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டங்களைக் கூட்டிப் பார்த்தாள். ஒவ்வொன்றும் நூறு வீதம். வெப்பமானி? சோடிகளை மாற்றி மாற்றி மாட்டிச் சரிபார்த்தவள் அவளே. சூத்திரத்தில் அவளுக்கு நம்பிக்கை ஆடவில்லை. நல்ல தராசு பிழையாகக் காட்டினால் தட்டில் வைத்த சாமானைத்தான் பார்க்க வேண்டும்.

அப்போதுதான் இரண்டு புத்தகங்களும் பக்கத்தில் பக்கத்தில் விரிந்து கிடந்ததைக் கவனித்தாள். ஓடைப் புத்தகத்தில் காட்டோரத்துப் பலகைக்கு ஏழுமலை சுருக்கமாக 'மே' என்று எழுதியிருந்தார். வயலோரத்துப் பலகைக்கு 'கீ'. மேல் பலகை, கீழ்ப் பலகை. சரிதான். காற்றுப் படிவத்திலும் 'மே', 'கீ'. அவள் அச்சடித்தது மேற்கு, கீழ்த்திசையான கிழக்கு என்று நினைத்து.

வரைபடத்தைத் திருப்பினாள். மேல் பலகை நிற்கிற இடம் கிழக்கு. மேல்கணக்கும் கிழக்கு.

காற்றுப் படிவங்களைப் புரட்டினாள். மாசி ஒன்பது, காலை ஆறு மணி. 'வ' கூட்டில் சரி. வடக்குக் காற்று. சுழலியின் எண்: பூச்சியம். மாசி பத்து, காலை ஏழு. 'வ'. பூச்சியம். பதினொன்று. 'வ'. பூச்சியம். வடக்கிலிருந்து வருகிற காற்று ஒரு தடவைகூடக் கிண்ணத்தைத் தொடவில்லை. மாதம் முழுதும் மெலிந்த காற்றென்று நினைத்துத் தள்ளிவிட்டவள் அவள்தான்.

வெள்ளி காலை கம்பத்தடியில் ஏழுமலை எட்டு மணி எண்ணை எழுதிக்கொண்டிருந்தார். ஞானாம்பிகை மூச்சு வாங்க மேடேறி வந்து படிவத்தை நீட்டினாள்.

"ஏழுமலை, இந்த 'மே' எண்டால் என்ன?"

"மேக்காத்துங்க. மேல்கணக்குலேர்ந்து எறங்கிற காத்து. காலையில அதான் அடிக்கும்."

"'கீ'?"

"கீக்காத்து. கீழ்க்கணக்கு டர்பன்டைன் காட்டுக்குள்ளேர்ந்து ஏறும். பகல் சாப்பாட்டுக்கு மேல. வாசமே வருமே மிஸ், மருந்துக்கடை மாதிரி."

"சரி. 'வ'?"

"'வ'ன்னா வரல்ல. காத்து வரல்லைன்னா அதுல போடுறது."

ஞானாம்பிகை ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப 'தெ'?"

ஏழுமலை கொஞ்சம் வெட்கப்பட்டார். "தெரியல. சில நேரம் துணி அங்கிட்டும் இங்கிட்டும் அலையும், எதுன்னு சொல்ல ஏலாது. பொய் எழுத வேணாமேன்னு... தெரியலன்னு போடக் கூடு வச்சிருக்காங்களே, படிச்ச புள்ளைன்னா இதுல்ல புள்ளைன்னு அழகம்மாகிட்டகூடச் சொன்னேனுங்க."

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மலையில் கொழுந்து பறித்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று ஏழுமலைக்கு விளங்கவில்லை.

"நான் பெழையா எழுதிட்டேனுங்களா மிஸ்?"

"நீங்கள் ஒரு எழுத்தும் பிழையா எழுதேல்லை. படிவம் போட்ட ஆள்தான் பிழை. அந்த ஆள் நான்."

கந்தோருக்கு ஓடி வந்து வரைபடத்தை விரித்து, குண்டூசியைக் குத்தி, நாக்குகளைத் தலைகீழாகத் திருப்பினாள். மேற்கே நீண்டு டர்பன்டைன் மரத்தை நக்கிக்கொண்டிருந்த காலை நாக்கு கிழக்கே திரும்பித் தேயிலை மேல் படுத்தது. 'வ', 'தெ' மணித்தியாலங்களை ஒதுக்கி வைத்தாள். கூடவே கொண்டுவந்திருந்த கணக்குப் பொறியின் கைப்பிடியை மாலை வரை சுற்றினாள். பிற்பகல் நாக்கில் அறுபத்தெட்டு வீதம்தான் டர்பன்டைன், இடையில் கிடந்த தேயிலையின் பங்கைக் கழித்தாள். விசுவலிங்கம் எட்டிப் பார்த்தார்.

"பிள்ளை, தமிழிலை மேல் எண்டால் மேற்குத்தான். மேலைநாடு எண்டால் என்ன? அகராதியைப் பாரும். உம்மிலை பிழையில்லை."

"அகராதி எழுதின ஊரிலை மலை மேற்கிலை, கடல் கிழக்கிலை அண்ணை. அதாலை மேல் மேற்காப் போச்சு, கீழ் கிழக்காப் போச்சு. இஞ்ச மலை கிழக்கிலை நிக்குது. ஏழுமலை மலையைப் பாத்து எழுதினவர், நான் அகராதியைப் பாத்து வாசிச்சனான்."

"அதுக்காக இலக்கணத்தை மாத்தேலுமே?"

"இலக்கணத்தை நீங்கள் வைச்சிருங்கோ. எனக்கு அறிக்கையை மாத்தினால் காணும்."

சனிக்கிழமை எட்டரை மணிக்குத் துரை கந்தோருக்கு வந்தார். பத்து மணிக்குக் கிராமத்தார் வருவார்கள். ஞானாம்பிகை சிங்களத்தில் நேரே விஷயத்துக்கு வந்தாள். அவர் முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"போன கிழமை ஒரு அறிக்கை, இந்தக் கிழமை ஒரு அறிக்கை. இரண்டிலும் உங்கள் கையெழுத்து. நான் எதை வாங்குவது?"

"முதலாவதைத் திருப்பி எடுக்கிறேன். பழுதான சாமானை மாற்றிக் கொடுக்காத கடைக்கு நீங்கள் மறுபடி போவீர்களா? என்னோடு கம்பத்தடிக்கு வாருங்கள். ஐந்து நிமிடம்."

கம்பத்தடியில் சிவப்புத் துணி பள்ளத்துப் பக்கம் பறந்துகொண்டிருந்தது. துரைக்குத் தமிழ் வரும், தோட்டத்தை அதட்டுகிற அளவுக்கு.

"ஏய் ஏழுமலை! இப்ப என்ன காத்து?"

"மேக்காத்துங்க தொரை."

"மேக்காத்து!" துரை ஞானாம்பிகையைப் பார்த்தார். "மேற்குக் காற்று என்கிறான். நீங்கள் முதலில் எழுதியதுதானே சரி?"

"மேல்கணக்கு எந்தப் பக்கம், சேர்?"

துரை கையை நீட்டினார். நீட்டிய கையின் நேரே சூரியன் நின்று அவர் கண்ணைக் கூசவைத்தது. கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு மெல்ல இறங்கியது.

"பத்து வருடமாக நானும் அதை மேல்கணக்கு என்றுதான் சொல்கிறேன்," என்றார், யாரிடமும் இல்லாமல்.

ஆனால் அவர் லேசில் விழுகிற ஆள் அல்ல. கந்தோருக்குத் திரும்பியதும் புதிய எண்களைக் கையில் எடுத்து ஓர் ஓட்டை கண்டுபிடித்தார்.

"இதோ பாருங்கள். உங்கள் புதுக் கணக்கிலேயே தேயிலை குடித்தது நூற்றிரண்டு. என் மரம் எழுபத்தெட்டு. எது பெரிது?"

"தேயிலை முப்பது ஏக்கர், அதற்குக் கிடைத்த மழையும் பெரிது. தொண்ணூற்றாறு மழையிலேயே வந்துவிட்டது. ஓடையிடம் வாங்கியது ஆறு. உங்கள் மரத்துக்கு மழை கொடுத்தது முப்பத்தெட்டு தசம் நான்கு. மிச்சம் முழுதும் ஓடையிடம். நூறு ரூபாய் உழைத்து நூற்றாறு செலவழிக்கிறவனையும், நாற்பது உழைத்து எண்பது செலவழிக்கிறவனையும் ஒரே வரிசையில் நிறுத்தாதீர்கள்."

துரை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாதிக்குப் பாதி. பதினைந்து ஏக்கர் தேயிலை, ஆறு ஏக்கர் மரம். கிராமத்தாருக்கும் நியாயமாகத் தெரியும்."

"பதினைந்து ஏக்கர் தேயிலையைப் பிடுங்கினால் ஓடைக்குத் திரும்புவது மூன்று. ஆறு ஏக்கர் மரத்தை வெட்டினால் ஏறத்தாழ இருபது. மூன்றுக்காக இருபத்துநான்கு பெயர்களை வெட்டப் போகிறீர்களா? அடுத்த மாசியில் ஓடை வற்றினால் கிராமத்தார் மறுபடி வருவார்கள். அப்போது பிடுங்கத் தேயிலை இராது, திட்டுவதற்கு நீங்கள் இருப்பீர்கள்."

"சேர்," விசுவலிங்கம் மெல்லத் தொண்டையைச் செருமினார், "அந்தப் பதினைந்து ஏக்கரின் கொழுந்தும் போகும்."

துரை அவரை முறைத்தார். பிறகு உண்மையான வலி எங்கே என்று காட்டினார். "அடுப்புக்கு விறகு? எண்ணெய் விற்கிற விலையில் நான் எதை எரிப்பது? பன்னிரண்டு ஏக்கரையும் வெட்டினால் தொழிற்சாலை நின்றுவிடும்."

இந்தக் கேள்விக்குத்தான் ஞானாம்பிகை நேற்றிலிருந்து காத்திருந்தாள். விலை பேசுகிறவன் தன் உண்மையான கவலையைச் சொல்லிவிட்டால் வியாபாரம் பாதி முடிந்த மாதிரி.

"எஹலியகொடப் பக்கத்தில் கிழட்டு ரப்பர் மரத்தைப் பிடுங்கி மறுநடுகை செய்கிறார்கள். விறகு மலையாகக் கிடக்கிறது, அகற்றுகிறவனுக்கு ஏறக்குறைய சும்மா. எங்கள் கடைக்குப் புகையிலை ஏற்றி வருகிற லொறி இரத்தினபுரிக்கு வெறுமையாகத்தான் திரும்புகிறது. அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும். இப்போது வெட்டுகிற டர்பன்டைன் உங்களுக்கு ஒரு வருடம் எரிக்கக் காணும். அதற்குள் லொறிக்கூலியை நீங்களே பேசிக் குறைத்துவிடுவீர்கள். அப்பாவிடம் முதல் சொன்ன விலைக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்."

துரை மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"நீங்கள் காற்று அளக்க வந்தவரா, விறகு விற்க வந்தவரா?"

"எந்தக் காற்றோடு எது வருகிறதென்று பார்க்க வந்தவள், சேர்."

வெளியே கிராமத்தாரின் பேச்சுக் குரல் கேட்டது. துரை எழுந்து, கதவருகே நின்று, கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டு, மேல்கணக்குச் செடியில் அடித்த சுண்ணாம்பைக் கழுவச் சொன்னார். டர்பன்டைன் வெட்ட எத்தனை கோடரி இருக்கிறதென்று கேட்டார். கேட்ட தொனி, தன் பல்லைத் தானே பிடுங்கச் சொல்கிறவரின் தொனி.

செய்தி தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு ஞானாம்பிகைக்கு முன்பே போய்விட்டது. பகல் கொழுந்து நிறுக்கிற இடத்தில் அழகம்மா அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க மிஸ், செடியைக் கழுவச் சொல்லி எங்களையே அனுப்புறாங்க. பொட்டு வச்சது அவங்க, அழிக்கிறது நாங்களா?"

"நாள் சம்பளத்துக்குப் பேர் போடுவினம் எல்லே?"

"அரைப் பேர்தான் போடுவாங்களாம்."

"முழுப்பேர் கேளுங்கோ. முப்பது ஏக்கர் கழுவுறது லேசான வேலையே?"

"கேட்டாச்சு மிஸ். முக்காலுக்கு வந்துட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள முழுசுக்கு வந்துருவாங்க." அழகம்மா கூடையை இறக்கினாள். பெரிய நன்றி வார்த்தை ஒன்றும் அவள் சொல்லவில்லை. மடியிலிருந்து இரண்டு வெற்றிலையை எடுத்து நீட்டினாள். ஞானாம்பிகை வாங்கிக்கொண்டாள்.

பிற்பகலில் திருத்திய அறிக்கையை விசுவலிங்கமே தட்டச்சு செய்தார். முதல் பக்கத்தில், முந்திய அறிக்கை பிழையானது, பிழை படிவத்தைத் தயாரித்தவருடையது, அளவு எடுத்தவர் சரியாகவே எடுத்தார் என்று மூன்று வரி. அவள் சொல்லச் சொல்ல அடித்துக்கொண்டு வந்தவர் கடைசிப் பக்கத்தில் விரலை நிறுத்தினார்.

"பிள்ளை, இதிலை நாலு தசம் நாலு இடிக்குது. ஓடையிலை வெயிலுக்கு ஆவியாப் போனதெண்டு ஒரு வரி போட்டுவிடும். இரண்டு பக்கமும் சரியாகும். பாக்கவும் வடிவாயிருக்கும்."

"அதை ஆரும் அளக்கேல்லை அண்ணை."

"ஆர் பாக்கப் போகினம்?"

"நூற்றொண்டை ஆரும் பாக்கேல்லை எண்டுதான் முப்பது ஏக்கருக்குச் சுண்ணாம்பு அடிச்சவை. அப்படியே அடியுங்கோ."

விசுவலிங்கம் பெருமூச்சு விட்டு, தாளை நேராக்கி, அடித்தார்.

மாசி 1974. ஏக்கர்-அங்குலத்தில்.
தேயிலைக்கு மழை தந்தது 96.0. தேயிலை குடித்தது 102.0. ஓடையிடம் வாங்கியது 6.0.
டர்பன்டைனுக்கு மழை தந்தது 38.4. டர்பன்டைன் குடித்தது 78.0. ஓடையிடம் வாங்கியது 39.6.
இரண்டும் சேர்ந்து வாங்கியது 45.6.
ஓடை இழந்தது 50.0.
இன்னும் கணக்குக் காட்டப்படாதது 4.4.